பழைய பத்திரத்தைப் படிப்பது எப்படி?



டெல்டா பக்கம் பல வீடுகளில் பரண் மேலே ஒரு தகரப்பெட்டி உண்டு. உள்ளே பழுப்பேறிய முத்திரைத்தாள். யார் காலேஜுக்குப் போகிறார்களோ அவர்களிடம் "இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்று நீட்டுவார்கள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் படித்தவர் இல்லாததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் எழுத்து. கட்டைப் பேனாவால் வேகமாக எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. 'பக்கம்' என்பது 'பககம' என்று இருக்கும். துணைக்காலும் 'ர'வும் ஒரே மாதிரி தெரியும். 'கா'வா 'கர'வா என்று அடுத்த எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'ணை, லை, ளை, னை' எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுழித்து இருக்கும். பெரியார் 1935இல் 'குடி அரசு' பத்திரிகையில் மாற்றி அச்சிட்ட இந்த எழுத்துகளை, தமிழக அரசு 1978இல்தான் ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய பத்திரம் எல்லாமே பழைய எழுத்துதான்.

இதற்கே மலைக்காதீங்க! தஞ்சை மராட்டிய மன்னர் காலத்து ஆவணங்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் மோடி எழுத்தில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. பேனாவை எடுக்காமலே கோத்து எழுதுவது மோடி. அதைப் பார்த்தால் நம்ம தாத்தா பத்திரம் எவ்வளவோ தேவலை.

அடுத்தது எண். நடுவில் தனியாக 'எ' நின்றால் அது 7, 'அ' நின்றால் 8. பழைய முறையில் பூஜ்யம் கிடையாது. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஆகவே ௱௨௰௫ என்றால் 125. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. 'ஷை' போல ஒரு சுழி (௸) அடிக்கடி வரும். அது 'மேற்படி'. இது புரிந்தாலே பாதிப் பத்திரம் ஓடிவிடும்.

நிலத்தை வேலி, மா, குழி என்று எழுதியிருப்பார்கள். இது நம்ம சிவில் பசங்களுக்குச் சுலபம். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். 20 மா ஒரு வேலி, ஏறக்குறைய 6.6 ஏக்கர். மா என்ற சொல்லுக்கே இருபதில் ஒரு பங்கு என்றுதான் அர்த்தம்! எல்லை சொல்லும்போது மட்டும் நிதானம் வேண்டும். "வாய்க்காலுக்கு வடக்கு" என்றால் வாய்க்கால் நிலத்துக்குத் தெற்கே இருக்கிறது.

எங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். மூன்று மா நஞ்சையைக் கொள்ளுத்தாத்தா விற்றார் என்று சித்தப்பா, விற்கவே இல்லை என்று அப்பாயி. இரண்டு தலைமுறையாக இதே பேச்சு. 'கிரயம்' என்றால் விற்பனை. 'போக்கியம்', 'ஒத்தி' என்றால் கடனுக்காக நிலத்தை அனுபவிக்க விடுவது; வட்டிக்குப் பதில் விளைச்சல் போகும், அசலைக் கட்டினால் நிலம் திரும்ப வேண்டும். எங்கள் தாளில் மூன்றாவது வரியில் 'போககியம' என்று புள்ளியில்லாமல் இருந்தது. ரூபாய் ௱௨௰௫. அப்பாயி சொன்னதுதான் சரி. நிலம் இப்போது வேறு கையில். இத்தனை வருஷம் கழித்துச் சட்டம் என்ன சொல்லும் என்பதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் "வித்துத் தின்னுட்டார்" என்ற பேச்சு வீட்டில் நின்றுவிட்டது.

காலம் எப்படிக் கண்டுபிடித்தேன்? 'ருத்ரோத்காரி, தை' என்று இருந்தது. தமிழ் வருஷப் பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். அதனால் 1864ஆகவும் இருக்கலாம், 1924ஆகவும் இருக்கலாம். முத்திரையில் ஐந்தாம் ஜார்ஜ் தலை. அவர் ஆண்டது 1910 முதல் 1936 வரை. ஆக 1924. பசலி 1333 என்றும் இருந்தது. அதோடு 590 கூட்டினால் 1923. பசலி ஜூலையில் பிறப்பதால் தை மாதம் அடுத்த இங்கிலீஷ் வருஷத்தில் விழும். கணக்கு சரி!

தாள் கிழிந்திருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். "1 புத்தகம், இத்தனையாவது வால்யூம், இத்தனை பக்கம், இந்த வருஷத்து இத்தனை நம்பர்" என்று ரிஜிஸ்டர் குறிப்பு இருக்கும். அதைக் கொடுத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு மனுப் போடலாம். நாங்களும் போட்டிருக்கிறோம். மடிப்பில் செலோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள். கொஞ்ச நாளில் அந்த வரியே கறுத்துப் போகும்.