உஷார்! பூ கொட்டினால் உரத்தைத் தொடாதீர்கள்!

பினாங்கில் பால்கனியில் தொட்டி வைத்துத் தக்காளியும் மிளகாயும் வளர்ப்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். செடி நிறையப் பூத்தும் ஒன்றுகூடக் காயாகாமல் கொட்டுகிறதா? மருந்தை எடுக்காதீர்கள். உர மூட்டையைப் பிரிக்காதீர்கள். அது நோயே இல்லாமல் இருக்கலாம். வெயில்!

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஓர் அக்கா. மேற்குப் பார்த்த பால்கனி. மார்ச் வெயிலில் தக்காளிப் பூவெல்லாம் காம்போடு உதிர்ந்தது. யாரோ சொன்னார்கள் என்று உரத்தை அள்ளிப் போட்டார். உச்சி வெயிலில் பூச்சி மருந்தும் அடித்தார். இலை ஓரம் கருகி, செடிகள் அத்தனையும் போயின. அந்த மருந்து பக்கத்துத் தொட்டிக் கீரையிலும் படிந்திருக்கிறது. அந்தக் கீரையைப் பறித்துத்தான் பிள்ளைகளுக்குச் சமைத்திருக்கிறார்! கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

வெயிலில் செடிக்குள் நடப்பது இதுதான். சூடு ஏறினால், முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவதுபோல், செடியின் உயிரணுக்களில் உள்ள புரதங்கள் உருக்குலைந்து ஒட்டிக்கொள்கின்றன. உடனே செடி மற்ற வேலைகளைக் குறைத்துக்கொண்டு 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை' உண்டாக்குகிறது. குலைந்த புரதங்களைத் தாங்கிப் பிடித்து மறுபடி மடித்து வைப்பவை இவை. தக்காளியில் இதைத் தொடங்கி வைக்கும் தலைமை விசை எச்எஸ்எஃப்ஏ1 என்ற புரதம். 2002-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் ஆய்வாளர்கள் அதை அடக்கிப் பார்த்தார்கள். செடியும் சூடு தாங்கவில்லை, பழமும் தாங்கவில்லை.

இலைக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு மகரந்தத்துக்குக் குறைவு. பூ விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும்போதே அடி விழுந்துவிடுகிறது. இன்று உதிர்ந்த பூ என்றோ கெட்டது! பகல் 32, இரவு 26 டிகிரி போதும், பல தக்காளி ரகங்களில் காய்ப்பு சரிந்துவிடும். இது நம் பினாங்கின் சாதாரண நாள். நமக்குத் தக்காளி கேமரன் மலையிலிருந்து வருவது சும்மா இல்லை.

கவனியுங்கள். பூக்காம்பின் கணு மஞ்சளாகிறதா? பூவின் நடுவிலுள்ள சூல்முடி மகரந்தக் கூம்பைத் தாண்டி வெளியே நீட்டுகிறதா? இலை நீளவாக்கில் சுருள்கிறதா? எல்லாம் வெப்பத்தின் வேலையாக இருக்கலாம். மதியம் வாடிய செடி மாலையில் நிமிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். விடிந்தும் நிமிரவில்லை என்றால் வேர் கெட்டிருக்கலாம். ஆபத்து!

இந்த நேரத்தில் உரம் போட்டால் அதன் உப்பு வேருக்குத் தண்ணீர் போகவிடாது. தண்ணீர் இல்லாத இலை துளைகளை மூடிக்கொள்ளும். நீராவியை விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முக்கிய வழியும் அடைபடும்.

காலையிலேயே தண்ணீர் ஊற்றுங்கள். குழாயில் தேங்கிய சுடுநீரை முதலில் வெளியே விடுங்கள். தொட்டியைச் சூடான சிமெண்டுத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுங்கள். விதை வாங்கும்போது சூடு தாங்கும் ரகமா என்று கேளுங்கள். வானிலைத் துறை முதல்நிலை வெப்ப எச்சரிக்கை கொடுப்பதே 35 டிகிரியில்தான். உங்கள் மொட்டு அதுவரை தாங்காது. நிழல் வலையை இன்றே கட்டிவிடுங்கள்.