வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

சங்கத்திற்குக் கிடங்கு கட்டவோ, சாயச்சாலை அமைக்கவோ நிலம் வாங்க முற்படும்போது நம் நிர்வாகக் குழுவினர் மூலப் பத்திரத்தைப் பார்க்கின்றனர். பட்டா, சிட்டாவைச் சரிபார்க்கின்றனர். வில்லங்கச் சான்றும் பெறுகின்றனர். இவையனைத்தும் வேண்டியவையே. ஆயினும் நிலம் யாருடையது என்பதைத்தான் இவை சொல்லும்; நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லா. மண்ணுக்கும் நீருக்கும் உற்ற கேடு சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் ஏறுவதில்லை.

இதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவில் நயாகரா நகரிலுள்ள லவ் கால்வாய். வெட்டத் தொடங்கிப் பாதியில் கைவிடப்பட்ட அக்கால்வாயில், ஹூக்கர் என்னும் ரசாயனக் கம்பெனி 1942 முதல் 1953 வரை சுமார் 21,000 டன் கழிவைக் கொட்டி மண்ணிட்டு மூடிற்று. 1953இல் அந்நிலத்தை நகரின் பள்ளி வாரியத்திற்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. ரசாயனக் கழிவு புதைந்திருப்பதும், அதனால் விளையும் கேட்டிற்குக் கம்பெனி பொறுப்பன்று என்பதும் பத்திரத்திலேயே கண்டிருந்தன. அப்படியிருந்தும் அங்கே பள்ளி எழுந்தது. அருகில் வீடுகளும் எழுந்தன. காலப்போக்கில் நஞ்சு வீடுகளின் நிலவறைகளுக்குள் கசிந்தது. 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் அங்கு நெருக்கடி நிலையை அறிவித்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. 1980இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், நஞ்சேறிய நிலத்தைத் துப்புரவு செய்யும் செலவை அதன் இன்றைய உடைமையாளரிடமும் கோர இடமளித்தது. வாங்குமுன் முறையாக விசாரித்திருப்பது அப்பொறுப்பிலிருந்து விலக்குக் கேட்பதற்கு ஓர் இன்றியமையாத நிபந்தனை.

அவ்வளவு தூரம் போவானேன்? நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் கட்டிமுடித்த அணை பாசனத்திற்கென எழுந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அதில் தேங்க, நீர் பயிருக்கு உதவாத உப்பாயிற்று. அக்கம்பக்கத்துக் கிணறுகளும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை அறவே வெளியே விடாத நிலையை எய்தும்வரை அப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நூலுக்குச் சாயமேற்றுபவரும் கிணற்றை நம்பிப் பயிரிடுபவரும் நம்முள் அடங்குவர். ஆகவே இதை ஒருவர்மேல் ஒருவர் குறைகூறும் விஷயமாகக் கொள்ளலாகாது.

நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு, தாம் அறிந்த பெருங்குறையை மறைக்கக் கூடாதென்று விற்பவருக்கு விதிக்கிறது. ஆனால் வாங்குவோர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாத குறைக்கு மட்டுமே அது பொருந்தும். கவனித்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற குறைக்கு அப்பிரிவு துணை வராது.

எனவே முன்பணம் கொடுக்குமுன் செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, பழைய அடங்கல்களைப் பார்த்தல். நல்ல நன்செய் பல பசலிகளாகத் தரிசாகக் கிடந்தால் காரணம் கேட்க வேண்டும். முன்பு அங்கே சாயப்பட்டறையோ, தோல் பதனிடும் சாலையோ, குப்பைமேடோ இருந்ததா என்பதை ஊர்ப் பெரியவர்களே சொல்லிவிடுவர்.

இரண்டாவது, அ-பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் ஏரி, ஓடை, வாய்க்கால் குறுக்கிடுகின்றனவா என்று காணுதல். நீர் தன் வழியை மறப்பதில்லை.

மூன்றாவது, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கிணற்று நீரைச் சோதித்தல். குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர் கிடையாவிடத்து 2,000 வரை ஏற்கப்படும்.

நான்காவது, மண் பரிசோதனை. பயிருக்கென வழக்கமாகச் செய்யும் சோதனை சத்துகளையும், உப்பையும், கார அமில நிலையையும் காட்டும். குரோமியம் போன்ற நச்சு உலோகங்களைத் தனியே கேட்டுச் சோதிக்க வேண்டும். மேல்மண்ணோடு ஆழத்து மண்ணும் எடுத்தல் அவசியம்.

ஐந்தாவது, சாயச்சாலைக்கான நிலமாயின், 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு அவ்விடத்திற்குக் கிடைக்குமா என்பதைக் கிரயத்திற்கு முன்பே அறிதல்.

சங்கத்தின் பணம் பல வீடுகளிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்த பங்குத்தொகை. நிலம் வாங்கத் தீர்மானம் வரும் நாளில், வில்லங்கச் சான்றோடு நீர், மண் ஆய்வறிக்கைகளும் மேசைமேல் உள்ளனவா என்று கேட்பது ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உரிமை, கடமையுமாம்.