பங்கிட்டுச் செய்யும் கணக்கு

நாளைய வானிலையை நாளை மறுநாள் கண்டுபிடித்துச் சொன்னால் அதனால் யாருக்கு என்ன பயன்? கணக்குச் சரியாகவே இருக்கலாம்; ஆனால் புயல் அதற்கு முன்பே கரையைக் கடந்து போயிருக்கும். இத்தகைய கணக்குகளில் விடையைப் போலவே வேகமும் முக்கியமாகும். ஒரே கணிப்பொறி தனியாகச் செய்தால் நாட்கணக்கில் நீளும் வேலையைப் பல பொறிகளுக்குப் பங்கிட்டு, அவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டு விரைவில் முடிப்பது எவ்வாறு என்பதே, மாணவ நண்பர்களே, இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இந்தக் கருத்து மின்னணுக் கணிப்பொறிக்கு முன்பே பிறந்துவிட்டது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்ஸன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டில் ஆம்புலன்சு வண்டி ஓட்டினார். அங்கே ஓய்வு கிடைத்த வேளைகளில், 1910ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் வானிலை ஆறு மணி நேரத்தில் எவ்வாறு மாறியிருக்க வேண்டும் என்று கையாலேயே கணக்கிட்டுப் பார்த்தார். காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை! அவர் எடுத்துக்கொண்ட தொடக்க அளவுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசையாமல் இருந்ததே இதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

விடை இவ்வளவு தவறாக இருந்தும் அவர் மனம் தளரவில்லை. 1922இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு விந்தையான மண்டபத்தைக் கற்பனை செய்தார். நாடக அரங்கு போன்ற பெரிய வட்ட மண்டபம். உட்சுவரெங்கும் உலகப் படம். 64,000 பேர் அமர்ந்து கணக்கிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் உலகின் ஒரு துண்டுதான் பொறுப்பு. தாம் கண்ட எண்ணை அவர்கள் விளக்குப் பலகையில் காட்ட, பக்கத்திலிருப்பவர்கள் அதைப் படித்துக்கொள்கிறார்கள். நடுவே ஓர் உயர்ந்த தூணின்மேல் மேற்பார்வையாளர் நிற்கிறார். முந்தி ஓடும் பகுதியின்மேல் இளஞ்சிவப்பு ஒளியையும், பிந்தி நிற்கும் பகுதியின்மேல் நீல ஒளியையும் அவர் பாய்ச்சுகிறார்.

நான் வகுப்பில் இந்தப் பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் இம்மண்டபத்தைத்தான் முதலில் வருணிப்பது வழக்கம். ஏனெனில் இன்றைய செய்திப் பரிமாற்ற முறை முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. ஒருவர் தாளை மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. அண்டை வீட்டார் காட்டும் எண் மட்டுமே அவருக்குத் தெரியும்.

1950இல் அமெரிக்காவில் சார்னி, ஃபியோர்டாஃப்ட், வான் நியூமன் ஆகியோர் எனியாக் என்ற மின்னணுப் பொறியில் 24 மணி நேரத்துக்கான முன்னறிவிப்பைக் கணக்கிட்டார்கள். அதற்கு ஆன நேரமும் ஏறக்குறைய 24 மணியே. வானிலையோடு கணக்கும் இணையாக ஓடியதே தவிர, முந்தவில்லை.

இனி மண்டபத்தை விட்டு எளிய கணக்கு ஒன்றுக்கு வருவோம். சதுரமான இரும்புத் தகடு ஒன்றின் ஓரங்கள் குறிப்பிட்ட வெப்பநிலைகளில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. உட்பகுதியில் வெப்பம் எவ்வாறு நிலைகொள்ளும்? தகட்டின்மேல் 1,000 வரிசைகள், வரிசைக்கு 1,000 புள்ளிகள் என்று குறித்துக்கொள்வோம். ஆக மொத்தம் 10 இலட்சம் புள்ளிகள். உட்புள்ளி ஒவ்வொன்றின் வெப்பநிலையையும் அதன் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு புள்ளிகளின் சராசரியாக மாற்ற வேண்டும். எல்லாப் புள்ளிகளையும் மாற்றி முடித்தால் ஒரு சுற்று. இப்படி இலட்சக்கணக்கான சுற்றுகள் செய்த பின்னரே விடை நிலைபெறும். கட்டளைத் தொகுதியில் இவ்வாறு திரும்பத் திரும்ப நடக்கும் பகுதியை ‘லூப்’ என்பார்கள்; நாம் சுழற்சி என்போம். கட்டளைகள் ஐந்தாறு வரிதான் இருக்கும். நேரம் முழுவதையும் விழுங்குவது அதுதான்.

சுழற்சியைப் பங்கிடுமுன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். இந்தப் புள்ளியின் விடை, இதே சுற்றில் முந்திய புள்ளிக்குக் கிடைத்த புதிய விடையை எதிர்பார்த்து நிற்கிறதா? ஒரே தாளில் அழித்து அழித்து எழுதினால், ஆம், நிற்கிறது. பழைய எண்களுக்கு ஒரு தாள், புதிய எண்களுக்கு வேறு தாள் என்று இரண்டு வைத்துக்கொண்டால், நிற்கவில்லை. 10 இலட்சம் புள்ளிகளையும் எந்த வரிசையிலும் எத்தனை பேரும் செய்யலாம். ஒற்றைத் தாள் முறையில் சுற்றுகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகும் என்பது உண்மையே. ஆனால் தனி ஒருவனுக்கு ஏற்ற சிக்கனம் பத்துப் பேர் கூடிச் செய்யும்போது இடையூறாகிவிடுகிறது.

பத்துப் பொறிகளுக்குத் தலைக்கு 100 வரிசை கொடுப்போம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலட்சம் புள்ளிகள். தன் துண்டின் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் கணக்கிட மட்டும் அண்டைப் பொறிகளின் ஓர வரிசைகள் வேண்டும். ஆகவே சுற்றுதோறும் இருபுறமிருந்தும் 2,000 எண்கள் வரவேண்டும். வருகின்ற ஓர் எண்ணுக்கு 50 புள்ளி வேலை, நல்ல பேரம்தான். பொறிகளை 100 ஆக்கினால் தலைக்கு 10,000 புள்ளிகளே இருக்கும். வரவேண்டிய எண்களோ அதே 2,000. பேரம் ஐந்துக்கு ஒன்றாக இறங்கிவிட்டது. 1,000 பொறிகளென்றால், 1,000 புள்ளிகளுக்காக 2,000 எண்கள்! வேலையைவிடக் கடிதப் போக்குவரத்து மிகுதியான அலுவலகம் போலாகிவிடும்.

இதற்கொரு வழி உண்டு. 100 பொறிகளுக்கும் நீளப் பட்டைகளாக அல்லாமல், பக்கத்துக்கு 100 புள்ளி கொண்ட சதுரங்களாக வெட்டிக் கொடுங்கள். புள்ளிகள் அதே 10,000. நான்கு ஓரங்களிலிருந்தும் வருபவை 400 எண்களே. பேரம் 25க்கு ஒன்றாக உயர்கிறது. ஓர் எண்ணுக்கு ஒரு செய்தி என்று அனுப்பாமல், ஓரம் முழுவதையும் ஒரே செய்தியாகக் கட்டி அனுப்புவதும் மிக அவசியம். ஒரு செய்தியைத் தொடங்கி வைக்கும் நேரத்திற்குள் பொறி ஆயிரக்கணக்கான கூட்டல்களை முடித்துவிடும்.

செய்தி அனுப்புவதிலும் ஒரு விபரீதம் உண்டு. இரண்டு பொறிகளும் ‘முதலில் நீ சொல், பிறகு நான் சொல்கிறேன்’ என்று காத்திருந்தால் கணக்கு அப்படியே உறைந்து நின்றுவிடும். பிழை என்று எந்த அறிவிப்பும் வராது; பொறி உழைப்பது போலவே தோன்றும். ஒற்றைப்படை எண்ணுள்ளவை முதலில் அனுப்ப, இரட்டைப்படை எண்ணுள்ளவை முதலில் பெறட்டும் என்று விதித்துவிட்டால் இந்தத் தொல்லை நீங்கும்.

சில சுழற்சிகள் பங்கிட முடியாதவை போலத் தோற்றமளிக்கும். எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போவது அவற்றுள் ஒன்று. முந்திய கூட்டுத்தொகை இல்லாமல் அடுத்தது ஏது? ஆனால் 64 பொறிகள் தத்தம் பங்கை முதலில் தனியே கூட்டிக்கொள்ளட்டும். பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்தால் 32, 16, 8, 4, 2, 1 என்று ஆறே படிகளில் மொத்தம் வந்துவிடும். கூட்டும் வரிசை மாறுவதால் தசமத்தின் கடைசி இலக்கங்கள் சற்றே மாறலாம். அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் சார்லஸ் சைட்ஸும் ஜெஃப்ரி ஃபாக்ஸும் உருவாக்கிய ‘காஸ்மிக் கியூப்’ பொறியில் 64 சிறு கணிப்பொறிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அண்டைப் பொறிகள் ஆறு. அந்த ஆறு தற்செயலானதன்று என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எல்லை ஒன்றும் உண்டு. அதை 1967இல் ஜீன் ஆம்டால் எடுத்துக்காட்டினார். 100 மணி நேர வேலையில் 5 மணி நேரப் பகுதி பங்கிட முடியாததாயின், பொறிகளைக் கோடிக்கணக்கில் குவித்தாலும் 5 மணிக்குக் குறைவாக முடியாது. ஆகையால் எந்தச் சுழற்சி எவ்வளவு நேரம் தின்கிறது என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் நான் பங்கிடுவதைப் பற்றியே நினைப்பேன். அளக்காமல் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வேகமாக ஓடும் பகுதியையே மேலும் வேகமாக்கிக்கொண்டிருப்பார்கள்.

முன்பெல்லாம் பொறி செய்த கம்பெனிதோறும் செய்தி அனுப்பும் கட்டளைகள் வேறு வேறாக இருந்தன. 1994இல் எம்.பி.ஐ. என்னும் பொது விதித்தொகுப்பு வெளிவந்தது. ஃபோர்ட்ரானிலோ சி மொழியிலோ எழுதுபவர்கள் அதைப் பின்பற்றினால், ஒரே கட்டளைத் தொகுதி பல வகைப் பொறிகளிலும் ஓடும். அதன்படி அமைந்த ஓப்பன் எம்.பி.ஐ., எம்பிச் என்ற இரண்டும் விலையின்றிக் கிடைக்கின்றன. கல்லூரியிலுள்ள சாதாரணக் கணிப்பொறியிலும் இன்று நான்கு அல்லது எட்டுச் செயலி உள்ளகங்கள் இருப்பதால், மேலே சொன்ன தகட்டுக் கணக்கை நீங்களே செய்து பார்க்கலாம். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று ஓடவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தகட்டை 100 வரிசையாகச் சுருக்கி அதையே மறுபடியும் செய்யுங்கள். நான்கு உள்ளகங்களிலிருந்து கிடைக்கும் இலாபம் இம்முறை ஏன் குறைகிறது என்பதை மேலே போட்ட பேரக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.