புயலைத் தாங்கும் ஜன்னல்: அப்பார்ட்மென்ட்டில் எங்கிருந்து தொடங்குவது?

வர்தா என்றதும் சென்னைவாசிகளுக்கு நினைவுக்கு வருவது வேரோடு சாய்ந்த மரங்கள். 2016 டிசம்பர் 12 அன்று அடுக்குமாடிகளில் இருந்தவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள்: கதவு, ஜன்னல்கள் அதிர்ந்த சத்தம், ஹாலுக்குள் வழிந்த தண்ணீர். இப்போதும் அக்டோபர் பிறந்தால் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுக்களில் ‘யுபிவிசி மாத்திடலாமா?’ என்ற பேச்சு தொடங்கும். பொங்கல் வந்ததும் அடங்கிவிடும்.

பேச்சு பெரும்பாலும் எந்தக் கண்ணாடி, என்ன விலை என்பதிலேயே நிற்கிறது. கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு.

காற்று எவ்வளவு கனம்?

காற்றுச் சுமையைக் கணக்கிடுவதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, பகுதி 3. சென்னைக்கு அது வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடை அளவுக்கு அழுத்தும். ஆறடி அகலம், ஏழடி உயரமுள்ள பால்கனிக் கதவு என்றால் ஏறக்குறைய 600 கிலோ. அதே கதவின் மீது 120 கி.மீ. காற்று தருவது 265 கிலோதான். வேகம் ஒன்றரை மடங்கானால் அழுத்தம் இரண்டேகால் மடங்காகிவிடுகிறது. அதனால் ‘வர்தாவையே தாங்கிடுச்சு, இனி என்ன பயம்?’ என்று இருந்துவிட முடியாது.

கட்டடத்தின் மூலைகளில் காற்று ஜன்னலை உள்ளே தள்ளுவதோடு நிற்காது, வெளியே பிடித்து இழுக்கவும் செய்யும். மேல்தளத்து மூலை வீட்டுக்கும் முதல் தளத்து நடு வீட்டுக்கும் ஒரே சுமை இல்லை. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் ஒருமுறை கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டால் எந்த வீட்டுக்கு என்ன தேவை என்பது தெளிவாகும்.

‘கடல் பக்கம் மட்டும் மாத்தினா போதும்’ என்பவர்களும் உண்டு. வர்தாவின் கண் பகுதி நகரத்தைக் கடந்தபோது காற்று சற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து வீசியதை மறந்துவிட வேண்டாம். ‘காத்து பாஸ் ஆகட்டும்’ என்று பின்பக்க ஜன்னலைத் திறந்து வைப்பதும் தவறு. உள்ளே புகும் காற்று மற்ற ஜன்னல்களையும் கதவுகளையும் உள்ளிருந்து வெளியே தள்ளும்.

கண்ணாடியா, ஸ்க்ரூவா?

டஃபன்டு கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலுவானது. ஆனால் உடைந்தால் மொத்தமும் சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும், அந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் மிஞ்சும். லேமினேட்டட் கண்ணாடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால், விரிசல் விட்டாலும் துண்டுகள் அதிலேயே ஒட்டி நிற்கும். மேல்தளங்களுக்கும், கீழே நடைபாதையோ பிள்ளைகள் விளையாடும் இடமோ உள்ள பக்கங்களுக்கும் இதுதான் பொருத்தம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1992-ல் ஆண்ட்ரூ சூறாவளி அடித்த பிறகு, மயாமி-டேட் கவுண்டி கடுமையான சோதனை ஒன்றைக் கொண்டுவந்தது. சுமார் 4 கிலோ மரக்கட்டையை மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் ஜன்னல் மீது எய்வார்கள். பிறகு அதே ஜன்னலை 9,000 முறை அழுத்தியும் இழுத்தும் பார்ப்பார்கள். நம்மூர்க் கடைக்காரர் ‘சைக்ளோன் ப்ரூஃப் சார்’ என்று சொன்னால் எந்தச் சோதனை, எத்தனை பாஸ்கல் என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் பிரேம் சுவரைப் பிடித்திருக்க வேண்டும். பிரேமுக்கும் சுவருக்கும் நடுவே ஃபோம் அடித்து, மேலே சிலிக்கான் பூசிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். ஃபோம் இடைவெளியை நிரப்பும், பாரம் தாங்காது. பிரேமைத் துளைத்து, பூச்சைத் தாண்டிக் கான்கிரீட்டிலோ செங்கல்லிலோ ஆங்கர் இறங்க வேண்டும். மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி முதல் ஆங்கர், அடுத்தடுத்தவை இரண்டடிக்குள் இருப்பது நல்லது. யுபிவிசி பிரேமுக்குள் இரும்புப் பட்டை இருக்கிறதா என்று, வெட்டிய துண்டை வாங்கிப் பாருங்கள். மழை நீருக்குத் தடையாக நிற்பதில் ஸ்லைடிங்கைவிடத் திறந்து மூடும் ஜன்னல் மேல். ரப்பர் கேஸ்கட் நசுங்கி மூடிக்கொள்ளும். ஸ்லைடிங்தான் வேண்டுமென்றால் கீழ்த் தடத்தில் தண்ணீர் வெளியேறும் துளைகள் தூசி அடைக்காமல் இருக்க வேண்டும்.

யாருடைய கதவு?

சண்டை வருவது இங்கேதான். ‘என் வீட்டு ஜன்னலை மாத்த யாரைக் கேக்கணும்?’ என்பார் ஒருவர். ‘கீழ்த்தளத்துக்காரன் நான் ஏன் பணம் தரணும்?’ என்பார் இன்னொருவர். வெளிச்சுவர் பொதுச் சொத்து. அதைத் துளைப்பது, இடிப்பது, ஓப்பனிங்கைப் பெரிதாக்குவதெல்லாம் தனி ஒருவர் முடிவில் நடக்கக் கூடாது. எனவே பொதுக்குழுவில் தரத்தை மட்டும் ஒன்றாக முடிவு செய்து, செலவை அவரவர் ஏற்பது சண்டையைக் குறைக்கும். பூட்டியே கிடக்கும் வெளிநாட்டுக்காரர் வீடுகளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அங்கே ஜன்னல் தெறித்தால் கவனிக்க ஆள் இல்லை, தண்ணீர் கீழ் வீட்டின் கூரையில்தான் இறங்கும்.

அதைவிட முக்கியம், யாருக்கும் சொந்தமில்லாத மொட்டைமாடிக் கதவு. பல கட்டடங்களில் அது துருப்பிடித்த தகரக் கதவு, ஒரே ஒரு தாழ்ப்பாள். அது பிய்த்துக்கொண்டால் மழை நேராகப் படிக்கட்டில் இறங்கி லிஃப்ட் குழிக்குள் பாயும். எட்டாவது மாடியில் இருக்கும் பாட்டி கரண்ட் வந்த பிறகும் கீழே இறங்க முடியாது. படிக்கட்டு ஜன்னல், லிஃப்ட் மெஷின் ரூம் கதவு, மொட்டைமாடிக் கதவு மூன்றையும் கார்பஸ் ஃபண்டிலிருந்து இந்த ஆண்டே மாற்றிவிடலாம். வீட்டு ஜன்னல்களைப் பற்றிய வாக்குவாதம் அதுபாட்டுக்குத் தொடரட்டும்.

பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்தவர்கள் தனியாக யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அந்தப் பிரேம் கைப்பிடிச் சுவரின் மீதே உட்கார்ந்திருக்கும். அந்தச் சுவர் காற்றுச் சுமைக்காகக் கட்டப்பட்டதா என்பதை இன்ஜினீயர் பார்த்தபின்தான் கண்ணாடியைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆர்டரை மே, ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள். செப்டம்பரில் கேட்டால் எல்லாரும் கேட்பார்கள், அவசரத்தில் ஆங்கர்தான் குறையும். வேலை முடிந்ததும் தோட்டத்துக் குழாயை ஒவ்வொரு ஜன்னலின் நான்கு விளிம்பிலும் பத்து நிமிடம் பாய்ச்சிவிட்டு, உள்ளே சுவரைத் தொட்டுப் பாருங்கள். கடைசித் தவணைப் பணம் அதுவரை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.