துவக்கின் இலக்கமும் தோட்டாவும்

கமக்காரர்களே! கதிர் முற்றும் காலத்திற் காட்டுப்பன்றிகள் வயலில் இறங்கினால், ஒரு போகத்தின் உழைப்பு ஓரிரவிலே அழிந்துவிடும். அவ்வேளையில் துவக்கிருந்தும் அதற்குரிய தோட்டா இல்லையெனிற் பயன் யாது? ஆகவே, பயிர்க் காவலுக்காக அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வாங்குவோர், விலையைப் பார்க்குமுன் அதன் இலக்கத்தைக் கவனித்தல் வேண்டும்.

குழாயின் துளைக்கு அளவான ஈயக்குண்டுகள் பன்னிரண்டு ஓர் இறாத்தல் நிறுத்தால், அது 12ஆம் இலக்கத் துவக்காகும். எனவே, இலக்கம் கூடத் துளை சிறுக்கும். 12ஆம் இலக்கத்தின் துளை ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர், 16ஆம் இலக்கத்திற்கு 16.8, 20ஆம் இலக்கத்திற்கு 15.6. உலகெங்கும் மிகுதியாக வழங்குவது 12ஆம் இலக்கமே. எனினும், உங்கள் பகுதியில் எவ்விலக்கத் தோட்டா தட்டின்றிக் கிடைக்கின்றதென முதலில் விசாரித்தறியுங்கள்.

இருவகைத் தோட்டாக்களை ஒருபோதும் கலந்து வையாதீர்கள். 20ஆம் இலக்கத் தோட்டாவை 12ஆம் இலக்கத் துவக்கில் இட்டால், அது வழுக்கிச் சென்று குழாயினுள்ளே தங்கிவிடும். அதனையறியாது, பின்னால் வேறொரு தோட்டாவை இட்டுச் சுட்டாற் குழாய் வெடித்துக் கையைச் சிதைக்கும். இக்காரணத்தாலேயே 20ஆம் இலக்கத் தோட்டாக்கள் வழக்கமாக மஞ்சள் நிறத்திற் செய்யப்படுகின்றன. தோட்டாவின் நீளத்தையும் பாருங்கள். 65 மில்லிமீற்றர் அறையுள்ள பழைய துவக்கில் 70 மில்லிமீற்றர்த் தோட்டாவை இடலாகாது.

பெரும்போக மாரி தொடங்குமுன், அனுமதிக்கப்பட்ட அளவு தோட்டாக்களை வாங்கி, ஈரம் படாத பெட்டியிற் பூட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொள்ளுங்கள்.