நான்ஸ்டிக்குக்கு விறகடுப்பு ஆகாது

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலையின் வாழவந்தி நாட்டுக்கு வந்து சேர்கிற நான்ஸ்டிக் தவாவுக்கு முதல் எதிரி அடுக்களையிலேயே காத்திருக்கிறது: விறகடுப்பு. கேஸ் இணைப்பு இருந்தாலும், விறகு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் மலை இது. சிலிண்டர் தீர்ந்த அன்றைக்குத் தவாவும் விறகடுப்பில் ஏறிவிட்டால், அதன் ஆயுளில் பெரும்பகுதி அங்கேயே கருகிவிடும்.

கருப்பாக மினுங்கும் அந்தப் பூச்சுக்கு நாமெல்லாம் சொல்லும் பெயர் டெஃப்லான். 1938-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்பவர், குளிர்பதன வாயுவை ஆராயப் போய்த் தற்செயலாகக் கண்ட பொருள். பிரான்ஸில் மார்க் கிரெகுவார் அதை அலுமினியப் பாத்திரத்தில் படியவைக்க, 1956-ல் டெஃபால் நிறுவனம் பிறந்தது. எதனோடும் ஒட்டாத ஒன்றை அலுமினியத்தோடு ஒட்டவைத்திருக்கிறார்கள். அந்தப் பிடிப்பு எவ்வளவு உறுதியாக இருந்துவிடும்?

சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். 350-ஐத் தாண்டினால் வெளிவரும் புகை கூண்டுக்கிளியைக் கொன்றுவிடும். மனிதருக்குக் காய்ச்சல் போல உடம்பு வலிக்கும். விறகுத் தீ 600 டிகிரிக்கு மேல் எரியும். அதைக் குறைக்கத் திருகும் கிடையாது. கேஸ் அடுப்பும் யோக்கியமல்ல: வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டு மாவெடுக்கப் போனால், சில நிமிடங்களிலேயே அந்த 260 டிகிரி எல்லை வந்துவிடும். எண்ணெயைத் தடவிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். எண்ணெய் புகைந்தால் சூடு மிஞ்சிவிட்டது, உடனே இறக்குங்கள்.

மலைமேல் இன்னொரு பழக்கமும் உண்டு. ஆயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் எதுவும் வேக நேரமாகும். உடனே தீயைக் கூட்டுவோம். திறந்த பாத்திரத்தில் தீயைக் கூட்டினாலும் கொதிநிலை உயராது. தண்ணீர் வற்றும், அடி தீயும், அவ்வளவுதான். மூடி போட்டு, பொறுமையாக வேகவிடுங்கள்.

இத்தனை தொல்லைக்கும் நான்ஸ்டிக் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. உளுந்து சேர்க்காத கேழ்வரகு தோசையை இரும்புக்கல்லில் பிய்யாமல் எடுப்பது லேசுப்பட்ட வேலையில்லை. தோசைக்கும் சாமை அடைக்கும் தவா இருக்கட்டும். களி மட்டும் வேண்டாம். துடுப்பைப் போட்டு அழுத்திக் கிண்டும் வேலை அது. அதற்கு வேறு பாத்திரம் இருக்கிறது. புளிக்குழம்பை இரவெல்லாம் தவாவில் விட்டுவைக்கவும் கூடாது. கீறல் வழியாகப் புளி இறங்கி அலுமினியத்தை அரிக்கும்.

வாங்கிய புதிதில் வழுக்கிய தவா, கொஞ்ச நாளில் ஒட்டத் தொடங்கும். பூச்சு போய்விட்டதென்று முடிவுகட்டிவிடாதீர்கள். விளிம்போரம் விரலால் தடவிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு படலம் தட்டுப்படும். அது காய்ந்து இறுகிய எண்ணெய். சுடுநீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து அரைமணி நேரம் ஊறவைத்து, மெல்லிய பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். நாம் செய்வதோ தலைகீழ்: சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்க்கிறோம், போகாவிட்டால் கம்பிநாரை எடுக்கிறோம். எண்ணெய்ப் படலத்தோடு பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.

மார்கழிக் குளிரில் இங்கே குழாய்த் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு அதைத் தவாவில் ஊற்றினால், சொர்ரென்ற சத்தத்தோடு அலுமினியம் நெளியும். அடி சமமில்லாத தவா ஓரிடத்தில் காயும், ஓரிடத்தில் வேகாது. ஆறவிட்டுக் கழுவுங்கள். அடுக்கும்போது நடுவே ஒரு துணி போடுங்கள். கரண்டி மரத்தில் இருக்கட்டும்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி இன்னும் கறாரானது: 170 டிகிரிக்கு மேல் சூடாக்குவதே ஆபத்து, பூச்சு தேய்ந்துவிட்டால் தூக்கிப்போடு என்கிறது. உரிந்து விழும் துணுக்கு வயிற்றுக்குள் போனால் அப்படியே வெளியேறிவிடும், அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் உரிந்த தவாவை எந்தப் பராமரிப்பும் மீட்டுத்தராது. பழைய சாமான்காரரிடம் போடும்போது அலுமினியம் என்று சொல்லிப் போடுங்கள். இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.