பணம் வாங்க பின் நம்பர் எதற்கு?

பழைய கட்டிலை விற்க விளம்பரம் கொடுக்கிறீர்கள். "இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்கிறார் வாங்க வந்தவர். வருமா?

கோயில் உண்டியலை நினைத்துப் பாருங்கள். காசு போடச் சாவி வேண்டாம், எடுக்கத்தான் வேண்டும். யுபிஐயும் அப்படித்தான். பின் நம்பர்தான் உங்கள் உண்டியல் சாவி.

அந்த க்யூஆர் கோடின் கறுப்புக் கட்டங்களுக்குள் இருப்பது பணம் பெறுபவரின் முகவரி. சிலவற்றில் தொகையும் இருக்கும். ஸ்கேன் செய்ததும் உங்கள் போன் அதைப் படித்துக்கொள்கிறது. பின் போட்டதும், "என் கணக்கிலிருந்து எடுத்து அவருக்குக் கொடு" என்று உங்கள் வங்கிக்கு உத்தரவு போகிறது. நொடிகளில் பணம் கைமாறிவிடும்.

பணம் பெற பின் தேவையே இல்லை, கேட்டால் மோசடி. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.